நெல் வயல் களைக்கொல்லியும் அடுத்து வரும் உளுந்தும்

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாளுக்கு முன்பே, கதிர் நிற்கும் வயலில், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கப்படுகின்றன. அதன்பின் உழவு கிடையாது, பாசனமும் கிடையாது. மண்ணில் எஞ்சிய ஈரமும் தை, மாசி மாதப் பனியுமே 70 நாள் பயிரை முடித்துக்கொடுக்கின்றன. ஆடுதுறை 3 உளுந்து போன்ற ரகங்கள் இந்தச் சூழலுக்காகவே உருவானவை. செலவு குறைந்த இந்தச் சாகுபடிக்கு ஒரு பலவீனம் உண்டு. நெல்லுக்குச் செய்த எதையும் மாற்றியமைக்க இடையில் அவகாசம் இல்லை. நெல் வயலில் விட்ட களை உளுந்துக்குக் களையாகிறது. நெல் வயலில் அடித்த மருந்தின் மிச்சம் உளுந்தின் வேருக்கு நேராகக் கிடக்கிறது.

ஆகவே தரிசு உளுந்து போடும் வயலில், எந்தக் களைக்கொல்லியை எப்போது அடிப்பது என்ற முடிவை நடவின்போதே, தையில் தெளிக்கப்போகும் விதையையும் கணக்கில் கொண்டு எடுக்க வேண்டும். கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுக்கும் பொட்டலம் நெல்லை மட்டும் பார்த்துக் கொடுக்கப்படுவது. அடுத்த பயிரைப் பற்றிய கேள்வியை விவசாயிதான் கேட்டாக வேண்டும்.

நெல்லில் பயன்படும் மருந்துகள்

நட்ட நெல்லுக்கு முதல் 30 முதல் 45 நாள் வரையான களைதான் விளைச்சலைத் தின்னும் களை. குதிரைவாலிப் புல், கோரை வகைகள், அகன்ற இலைக் களைகளான ஆரைக்கீரை, கரிசலாங்கண்ணி, நீர்க்கிராம்பு, நீர்மேல் நெருப்பு ஆகியவை டெல்டா வயல்களில் வழக்கமாக எழுபவை. கையால் களை பறிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால் இரண்டு கட்டமாக மருந்து அடிப்பது வழக்கமாகியிருக்கிறது.

முதல் கட்டம் களை முளைக்கும் முன். நட்ட 3 அல்லது 4 நாளுக்குள் பூட்டாகுளோர் ஹெக்டேருக்கு 1.25 கிலோ செயல்படும் பொருள், அல்லது பிரிட்டிலாகுளோர் 0.75 கிலோ, 50 கிலோ உலர்ந்த மணலில் கலந்து, மெல்லிய நீர்ப்படலம் நிற்கும் வயலில் விசிறப்படுகிறது. அடுத்த இரண்டு நாளைக்குத் தண்ணீரை வடிக்கக் கூடாது. சேற்றில் நேரடியாக விதைத்த நெல்லுக்கு, முளைக்கும் நெல்லைக் காக்கும் பொருள் சேர்த்த பிரிட்டிலாகுளோர் குறைந்த அளவில், அதாவது 0.45 கிலோ, போதும். புழுதியில் விதைத்த நெல்லுக்குப் பெண்டிமெத்தலின் பயன்படுகிறது. பைரசோசல்ஃபியூரான் எத்தில், பென்சல்ஃபியூரான் மெத்தில் கலந்த பிரிட்டிலாகுளோர் குருணை ஆகியவையும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை.

இரண்டாம் கட்டம் களை முளைத்த பின். களை 2 முதல் 4 இலைப் பருவத்தில் இருக்கும்போது பிஸ்பைரிபேக் சோடியம் ஹெக்டேருக்கு 20 முதல் 25 கிராம். அகன்ற இலைக் களையும் கோரையும் மிகுந்திருந்தால், நட்ட மூன்று வாரம் வாக்கில் 2,4-டி சோடியம் உப்பு. அல்லது மெட்சல்ஃபியூரான் மெத்திலும் குளோரிமியூரான் எத்திலும் சேர்ந்த கலவை ஹெக்டேருக்கு வெறும் 4 கிராம். இந்தக் கடைசி மருந்துதான் ஏக்கருக்கு 8 கிராம் பொட்டலமாகக் கிடைக்கிறது. அந்த 8 கிராமிலும் செயல்படும் பொருள் 1.6 கிராம்தான்.

அளவு இவ்வளவு சிறியதாக இருப்பதால் இது சாதுவான மருந்து என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. கிராம் கணக்கில் வேலை செய்கிறது என்றால், மண்ணில் அதைவிடச் சிறிய மிச்சம்கூடத் தாங்காத பயிரைத் தொல்லைப்படுத்த முடியும் என்றே பொருள். ஒரு ஹெக்டேரில் மேல் 10 செ.மீ. மண்ணின் எடை ஏறக்குறைய 1,300 டன். அதில் 4 கிராம் கலந்தால் நூறு கோடிப் பங்கு மண்ணுக்கு 3 பங்கு மருந்து. உழாத தரிசில் மருந்து அவ்வளவு ஆழத்துக்குக் கலப்பதில்லை. மேல் 2.5 செ.மீ. அளவிலேயே தங்கினால் செறிவு நான்கு மடங்காகிறது. தெளித்த உளுந்து முளைத்து முதல் வேர் விடுவதும் அதே இடத்தில்தான்.

மண்ணில் மருந்து மறையும் விதம்

களைக்கொல்லி மண்ணிலிருந்து மறைவதற்கு முக்கியமான வழி நுண்ணுயிர்கள் அதைச் சிதைப்பது. ஈரமும் வெப்பமும் மட்கும் இருக்கும் மண்ணில் இது வேகமாக நடக்கும். அதோடு, சில மருந்துகள் தண்ணீரோடு வினைபுரிந்தே உடைகின்றன. களிமண்ணும் மட்கும் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், இருப்பு உள்ளதெல்லாம் வேருக்குக் கிடைப்பதில்லை. பாதி அளவு சிதைய எடுக்கும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். காற்றோட்டமுள்ள ஈர மண்ணில் 2,4-டிக்கு இது 10 நாள் வாக்கில் அமைகிறது. பூட்டாகுளோரும் பிரிட்டிலாகுளோரும் சில வாரங்களில் பாதியாகின்றன. பெண்டிமெத்தலின் இவற்றைவிட நெடுநாள் தங்கும்.

மெட்சல்ஃபியூரான், குளோரிமியூரான், பைரசோசல்ஃபியூரான், பென்சல்ஃபியூரான் எல்லாம் சல்ஃபோனைல்யூரியா குடும்பம். செடியின் வளர்நுனிக்குத் தேவையான சில அமினோ அமிலங்களை உருவாக்கும் அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் என்ற நொதியை இவை முடக்குகின்றன. நெல் இவற்றைத் தன்னுள் வேகமாகச் சிதைத்துக்கொள்வதால் தப்பிக்கிறது. பல பயிர்களுக்கு அந்தத் திறன் இல்லை. இந்தக் குடும்பத்தின் ஆயுள் மண்ணின் கார அமிலத் தன்மையைப் பொறுத்துப் பெரிதும் மாறும். அமில மண்ணில் தண்ணீரோடு வினைபுரிந்து வேகமாக உடையும். கார மண்ணில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டு, நுண்ணுயிர்களின் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே தேதி என்றாலும் கார மண்ணில் மிச்சம் கூடுதலாக இருப்பது இதனால்தான். மண் பரிசோதனை அட்டையில் பி.எச். 7.5க்கு மேல் இருந்தால் இந்தக் குடும்ப மருந்துகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். டெல்டாவின் கடைமடையில், குறிப்பாகக் கடலோரத்து வயல்களில், இது கவனிக்க வேண்டிய செய்தி.

நாள் கணக்கும் இதோடு சேர வேண்டும். அரை ஆயுள் 30 நாள் என்று கொண்டால், மருந்து அடித்ததற்கும் உளுந்து தெளிப்பதற்கும் இடையே 90 நாள் இருக்கும் வயலில் எட்டில் ஒரு பங்கு மிஞ்சும். காரம் கூடி அரை ஆயுள் 60 நாளாக நீண்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிஞ்சும். இடைவெளியே 45 நாளாகச் சுருங்கினால், முதல் கணக்கிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்தான்.

நீர் தேங்கிய நிலம் இந்தக் கணக்கைச் சிக்கலாக்குகிறது. தேங்கிய நீருக்கடியில் மண்ணுக்குக் காற்று இல்லை. காற்றில் வாழும் நுண்ணுயிர்களால் சிதையும் 2,4-டி போன்றவை அங்கே மெதுவாகவே குறையும். நெல் வயலில் நீரைக் கட்டிக் காயவிட்டுப் பிறகு மறுபடி கட்டும் முறை, தண்ணீர் மிச்சத்தோடு மருந்தின் சிதைவுக்கும் உதவக்கூடியது. வடிகால் இல்லாமல் கார்த்திகை, மார்கழி முழுக்க நீர் நின்ற பள்ளத்து வயலும், மேட்டு வயலும் ஒரே நாளில் மருந்து வாங்கியிருந்தாலும் ஒரே நிலையில் உளுந்தை வரவேற்பதில்லை.

பாதிப்பு எப்போது நேர்கிறது

பரிந்துரைத்த மருந்தைப் பரிந்துரைத்த அளவில், பரிந்துரைத்த நாளில் நெல்லுக்குப் பயன்படுத்தினால் அடுத்து வரும் உளுந்தும் பச்சைப்பயறும் பாதிக்கப்படுவதில்லை என்பதே வயலாய்வுகளின் பொதுவான முடிவு. சம்பாவில் நட்ட 3ஆம் நாள் போட்ட பூட்டாகுளோருக்கும் உளுந்து தெளிப்புக்கும் இடையே மூன்று மாதத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. களைக்கொல்லி அடித்த வயலில் உளுந்தே வராது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. சொல்லப்போனால், நெல்லில் களை அடக்கிய வயலில்தான் தரிசு உளுந்து சுத்தமாக வருகிறது. தெளித்து விட்ட உளுந்தில் ஆள் இறங்கிக் களை பறிப்பது கடினம்.

பாதிப்புகள் வருவது பரிந்துரையிலிருந்து விலகும்போது. முதலாவது காரணம் அளவு. டெல்டாவில் நிலம் மா கணக்கில் பேசப்படுகிறது. 3 மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஏக்கருக்கான 8 கிராம் பொட்டலத்தை ஒரு மாவுக்கு அடித்தால் மூன்று மடங்கு மருந்து இறங்குகிறது. நெல் அதைப் பொறுத்துக்கொண்டு பச்சையாக நிற்பதால் பிழை அப்போது தெரியாது. இரண்டு மாதம் கழித்து உளுந்தில் தெரியும். இவ்வளவு சிறிய அளவைக் கண்மதிப்பில் பங்கிட முடியாது. பொட்டலம் முழுவதையும் முதலில் அளந்த நீரில், எத்தனை டேங்க் வேண்டுமோ அத்தனை லிட்டரில் கரைத்து, டேங்க்குக்கு ஒரு லிட்டராக ஊற்றிக்கொள்வதுதான் சரியான வழி. ஏக்கருக்கு 10 லிட்டர் டேங்க் 20 தேவை என்றால் கரைசலும் 20 லிட்டர்.

இரண்டாவது, காலம் தப்பிய தெளிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் இறங்க முடியாமல் போய், பயிருக்கு மேல் களை தலைநீட்டியபின் 50, 60ஆம் நாளில் 2,4-டியோ சல்ஃபோனைல்யூரியாவோ அடிப்பது. முற்றிய களைக்கு மருந்து சரியாக ஏறாது. பொதிப் பருவத்தில் 2,4-டி பட்ட நெல்லில் பதர் கூடும். உளுந்துக்கான இடைவெளியும் பாதியாகிறது. ஒரே தெளிப்பில் மூன்று நட்டம் தரும் இந்த வேலையைத் தவிர்த்து, அந்த நிலையில் தலைநீட்டிய களையைக் கையால் பிடுங்குவதோ அறுப்பதோ மேல்.

மூன்றாவது, சமமின்மை. மணலில் கலந்து விசிறும்போது கை ஓங்கும் இடத்தில் கூடுதலாகவும் வரப்பு ஓரத்தில் குறைவாகவும் விழும். மட்டம் சரியில்லாத வயலில் மருந்து கரைந்த நீர் பள்ளத்துக்கு ஓடிச் சேரும். தெளிப்பானால் அடிக்கும்போது விசிறி நாசில் போடாமல் கூம்பு நாசிலை ஆட்டி ஆட்டி அடிப்பதால் பட்டைபட்டையாக இரட்டை மருந்து விழும். வயலின் சராசரி சரியான அளவாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு செடியும் தான் நிற்கும் இடத்தில் விழுந்த மருந்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காவது காரணம் தெளிப்பான் தொட்டி. மண் எச்சம் என்று பழி சுமத்தப்படும் பாதிப்புகளில் சில உண்மையில் தொட்டியில் ஒட்டியிருந்த மருந்தால் வருபவை. நெல்லுக்கு 2,4-டி அடித்த தெளிப்பானை வெறும் நீரில் அலசிவிட்டு உளுந்துக்குப் பூச்சிமருந்தோ டி.ஏ.பி. கரைசலோ அடித்தால் செடி முறுக்கிக்கொள்ளும். பருத்தியும் தக்காளியும் வெண்டையும் இதில் உளுந்தைவிட மென்மையானவை. காற்றில் மிதந்து வரும் துளியே பருத்திக்குப் போதும். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. முடியாதபோது, தொட்டி, குழாய், வடிகட்டி, நாசில் எல்லாவற்றையும் கழற்றி அலசி, வாஷிங் சோடா கரைசலோ நீர்த்த அமோனியாவோ நிரப்பி ஊறவிட்டு, மறுபடி இருமுறை அலச வேண்டும். அலசிய நீர் குளத்திலோ வாய்க்காலிலோ சேரக் கூடாது. பூட்டாகுளோர் மீனுக்கு நஞ்சு.

அடையாளம் காணுதல்

தரிசு உளுந்து வெளிறிப் போக வேறு காரணங்களும் ஏராளம். மஞ்சள் தேமல் நோய், இரும்புச்சத்துக் குறை, வேரழுகல், அறுவடைக்குப் பின் பெய்த மழையில் நீர் தேங்கியது என எதுவும் இருக்கலாம். பிரித்தறிய மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: வளர்நுனி, வேர், வயலில் பாதிப்பு பரவிய வடிவம்.

சல்ஃபோனைல்யூரியா எச்சம் உள்ள மண்ணில் விதை வழக்கம்போல முளைக்கும். வித்திலை விரியும், முதல் இலைகளும் வரும். அதன்பின் செடி நின்றுவிடும். நுனிக் குருத்து வெளிறும், இலை நரம்பில் சிவப்போ ஊதாவோ ஏறலாம். பிடுங்கிப் பார்த்தால் பக்க வேர்கள் நீளாமல் குட்டையாக நிற்கும். வேர் முடிச்சுகளும் குறைவாக இருக்கும். 2,4-டி பட்ட செடியில் தண்டும் இலைக்காம்பும் முறுக்கி வளையும், இலை கிண்ணம் போலக் குவியும். பெண்டிமெத்தலின் மிச்சத்தில் வேர் நுனி தடித்து மொண்டியாகும். பூட்டாகுளோர் குடும்பம் பயறு வகைச் செடியின் இலை நுனியை இழுத்துச் சுருக்கி இதய வடிவமாக்கும்.

தேமல் நோயில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக ஒரே இலையில் கலந்திருக்கும். நோயுற்ற செடிகள் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, வெள்ளை ஈயோடு நாளடைவில் பரவும். மருந்தின் பாதிப்பு பரவாது. முதல் மூன்று வாரத்தில் இருந்த எல்லையிலேயே நிற்கும். அந்த எல்லையும் மனிதன் நடந்த தடத்தை ஒட்டியிருக்கும். தெளிப்பு இரட்டித்த நீண்ட பட்டைகள், டேங்க் மாற்ற நின்ற இடம், வரப்போரம் திரும்பிய மூலை, மருந்து நீர் ஓடிச் சேர்ந்த பள்ளம். இந்த வடிவங்கள் தெரிந்தால் நோய் மருந்து வாங்கி அடிப்பது வீண் செலவு.

கோப்பைச் சோதனை

நூறு கோடியில் ஓரிரு பங்கு என்ற அளவை ஆய்வகத்தில் அளப்பது கடினமும் செலவுமான வேலை. செடி அதைச் சுலபமாகச் சொல்லிவிடும். சந்தேகம் உள்ள வயலில், உளுந்து தெளிப்பதற்கு நான்கு வாரம் முன்பு, ஆறேழு இடங்களில் மேல் 5 செ.மீ. மண்ணை எடுத்து உதிர்த்துக் கலக்க வேண்டும். பள்ளத்திலிருந்து எடுத்த மண்ணைத் தனியாக வைப்பது நல்லது. ஒப்பிட, மருந்து படாத இடத்திலிருந்து அதே வகை மண் தேவை. அப்படி மண் கிடைக்காவிட்டால், எடுத்த மண்ணிலேயே ஒரு பகுதியில் செயலூட்டிய கரித்தூளைக் கலந்துகொள்ளலாம். கரி மருந்தைப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது.

அடியில் துளையிட்ட கோப்பைகளில் இரண்டு மண்ணையும் நிரப்பி, கோப்பைக்குப் பத்து விதை வீதம் ஊன்ற வேண்டும். தெளிக்கப்போகும் உளுந்தையே ஊன்றுவது முதல் வேலை. அதோடு சல்ஃபோனைல்யூரியாவுக்கு வெள்ளரியும் கடுகும், பெண்டிமெத்தலின், பூட்டாகுளோர் வகைக்குச் சோளமோ கேழ்வரகோ ஊன்றினால் சிறிய மிச்சமும் தெரியும். வெளிச்சத்தில் வைத்து, வழியாத அளவு நீர் ஊற்றி, மூன்று வாரம் கழித்து வேரோடு எடுத்து அலசி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முளைப்பு எண்ணிக்கை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாற்றமே கிடைக்கும். முளைத்தபின் வேர் நீளாததுதான் கவனிக்க வேண்டியது. வெள்ளரி குன்றி உளுந்து ஒப்பு மண்ணுக்கு இணையாக வளர்ந்திருந்தால் உளுந்து தெளிக்கலாம். அந்த வயலில் காய்கறி போடுவதைத் தள்ளிவைக்க வேண்டும்.

எச்சம் உறுதியானால்

தரிசு உளுந்தில் மறுவிதைப்பு என்பது இல்லை. அதற்குள் ஈரம் போய்விடும். சதுர மீட்டருக்கு 30க்கும் மேல் நிற்க வேண்டிய செடி பாதியானால் விளைச்சலும் அதோடு போகும். ஆகவே சோதனையில் உளுந்தும் குன்றினால், அந்தப் பருவத்தில் நின்ற பயிரில் தெளிப்பதைக் கைவிடுவதே நட்டத்தைக் குறைக்கும். நீர் வசதி உள்ளவர்கள் அறுவடைக்குப் பின் உழுது, ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இட்டு, ஒருமுறை நீர் பாய்ச்சிச் சில வாரம் விட்டு இறவை உளுந்தாக விதைக்கலாம். உழவு மேல் மண்ணில் கிடக்கும் மருந்தை 10, 15 செ.மீ. ஆழத்துக்குக் கலந்து நீர்த்துப்போகச் செய்கிறது. காற்றும் ஈரமும் எருவும் நுண்ணுயிர்களை முடுக்குகின்றன. பாதிப்பு பட்டைகளிலும் பள்ளத்திலும் மட்டும் இருந்தால், மீதி வயலில் தெளித்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் ஒதுக்கலாம்.

நெல் தரிசில் பருத்தி, எள், காய்கறி போடும் நிலங்களில் முன்னெச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். எள்ளின் விதை சிறியது, மேல் மண்ணிலேயே வேர் விடுவது. இத்தகைய நிலங்களில் முளைக்கும் முன் பூட்டாகுளோரோ பிரிட்டிலாகுளோரோ போட்டு, அதன்பின் கோனோ வீடர் ஓட்டி, இரண்டாம் தெளிப்பையே தவிர்ப்பது சிறந்த திட்டம். வரிசை நடவு செய்த வயலில் நட்ட 10 முதல் 15 நாளில் தொடங்கி இக்கருவியை ஓட்டலாம். இரண்டாம் தெளிப்பு தவிர்க்க முடியாவிட்டால், உரிய இலைப் பருவத்தில் பிஸ்பைரிபேக்கை ஒருமுறை அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆண்டுதோறும் அதே மருந்தையே நம்புவதும் ஆபத்து. பிஸ்பைரிபேக்கும் சல்ஃபோனைல்யூரியாக்களும் முடக்குவது ஒரே நொதியைத்தான். இவற்றை மாற்றி மாற்றி அடிப்பது மருந்து மாற்றியதாகாது. உலகின் பல நெல் நாடுகளில் கோரையும் குதிரைவாலிப் புல்லும் இவற்றுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன.

உளுந்து மருந்தும் குறுவை நெல்லும்

எச்சம் ஒரு திசையில் மட்டும் போவதில்லை. உளுந்தில் களை மிகும்போது, விதைத்த 15 முதல் 20 நாளில் குவிசலோபாப் எத்தில் 50 கிராம், இமாசெத்தாபைர் 50 கிராம் என்ற ஹெக்டேர் அளவில் அடிக்கப்படுகின்றன. குவிசலோபாப் புல்லையும் சிந்திய நெல் முளைப்பையும் அழிக்கும். மண்ணில் நெடுநாள் நிற்பதில்லை. இமாசெத்தாபைர் அப்படியல்ல. அதைச் சிதைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஈரம் வேண்டும். மாசியில் அடித்தபின் பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் வெடித்துக் காய்ந்து கிடக்கும் களிமண்ணில் அந்த வேலை மந்தமாகவே நடக்கிறது. நாட்காட்டியில் மூன்றரை மாதம் ஓடினாலும், மண்ணின் கணக்கில் அதில் பெரும்பகுதி ஓடாத காலம்.

இமாசெத்தாபைரைச் சாதாரண நெல் தாங்காது. அதைத் தாங்குவதற்கென்றே இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021இல் பூசா பாசுமதி 1979, பூசா பாசுமதி 1985 ஆகிய ரகங்களை வெளியிட்டது. பிரேசிலின் ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்து நீர்த்தேங்கு நிலங்களில், தாங்குநெல்லுக்கு அடித்த இதே குடும்ப மருந்தின் மிச்சம் அடுத்த முறை போட்ட சாதாரண நெல்லைக் குன்றச் செய்திருக்கிறது. டெல்டாவில் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து குறுவைக்கு நாற்று விடும்போது, இமாசெத்தாபைர் அடித்த உளுந்து வயலை நாற்றங்காலாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இளம் நாற்றுதான் மிச்சத்தை முதலில் உணரும். நேரடி விதைப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கோடை மழை ஒன்று பெய்தவுடன் உழுதுவிட்டால் ஈரத்தோடு சிதைவு தொடங்கும். சந்தேகம் இருந்தால் கோப்பைச் சோதனையை வைகாசித் தொடக்கத்தில், குறுவைக்கு வைத்திருக்கும் நெல் விதையைக் கொண்டே செய்துகொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு குறிப்பேடு தேவைப்படுகிறது. வயல் வாரியாக மருந்தின் பெயர், அடித்த தேதி, டேங்க் எண்ணிக்கை, அன்று வயலில் நின்ற நீர், பின்னால் பெய்த மழை ஆகியவற்றை எழுதி வைத்தால் போதும். குத்தகை மாறும் நிலத்தில் முன்பு பயிரிட்டவரிடம் இந்த விவரத்தைக் கேட்டு வாங்குவது விதை வாங்குவதற்கு முந்தைய வேலை.